விளிம்பு உடைந்த தட்டுகள்

எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் பீங்கான் தட்டுகள். சிரிக்காதீர்கள். கடைத்தெருவில் பாத்திரக்கடைக்காரர், விளிம்பு உடைந்த தட்டுகளைத் தனியாக ஒதுக்கி வைப்பார். அவற்றைச் சல்லிசாக வாங்கி வந்து, ஒரு சாக்குப்பையில் போட்டுப் பின்பக்கம் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் வைத்திருப்பேன். கோபம் தலைக்கேறினால் பின்பக்கக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு தட்டை எடுத்து மதிலில் ஓங்கி அடிப்பேன். சுக்குநூறாகும். உடைப்பதும் நானே, பெருக்குவதும் நானே. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், "யாருக்குப் பசிக்குது?" என்று சிரித்துக்கொண்டே கேட்பேன்.

என் அம்மா கையில் எது அகப்படுகிறதோ அதைக் கொண்டே என்னை அடிப்பாள். முதுகில் இன்னும் தழும்பு இருக்கிறது. என் பிள்ளைகள் மேல் கை வைக்கவே மாட்டேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்திருந்தேன். மகளுக்கு ஐந்து வயது, பையன் கைக்குழந்தை. இதுவரை ஒரு அடி விழுந்ததில்லை. தட்டு விஷயம் யாருக்கும் தெரியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பல் முளைக்கும் பையன் காலையிலிருந்து ஓயாமல் அழுது அப்போதுதான் கூடத்துத் தொட்டிலில் கண்ணசந்தான். நான் பூனை மாதிரி சமையலறைக்குள் நுழைந்தேன். மகள் மேடைமேல் ஏறி நின்று பிஸ்கட் டப்பாவைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"இறங்குடி!" என்று சொல்லி முடிப்பதற்குள் பால் பாத்திரத்தைக் காலால் தட்டிவிட்டாள். அது உருண்ட சத்தத்தில் பையன் வீறிட்டான். ஓடப்போன நான் பாலில் வழுக்கி, மேடை விளிம்பில் வாயை மோதிக்கொண்டு விழுந்தேன். உதடு கிழிந்து பாலில் ரத்தம் சொட்டியது. மகள் சிரித்தாள். பயத்தில் வந்த சிரிப்பு என்று இப்போது தெரிகிறது. அப்போது அது என் மண்டைக்குள் ஆணி மாதிரி இறங்கியது.

பின்பக்கம் ஓடினேன். சாக்குப்பை இல்லை.

"அந்தப் பையா? காலையிலேயே குப்பையில போட்டுட்டேன்" என்றார் கணவர், சோபாவிலிருந்து தலையைக்கூடத் திருப்பாமல். "எல்லாம் உடைஞ்ச தட்டு. வீட்டையே சுத்தம் பண்ணியிருக்கேன், ஒரு வார்த்தை பாராட்டக் கூடாதா?"

"குழந்தை கத்தறானே, தூக்கக்கூடக் கை வரலையா உங்களுக்கு?"

"உன்கிட்டதானே அடங்குவான்?"

சமையலறைக்குத் திரும்பியதும் என் கை இரும்புக் கரண்டியை எடுத்தது. முதல் அடியில் குக்கர் மூடி நசுங்கியது. அடுத்ததில் அலமாரிக் கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. போதவில்லை. வலியில் அலறும் ஏதோ ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. மகள் என் கண்ணைப் பார்த்தாள். மேடையிலிருந்து குதித்துப் படுக்கையறைக்கு ஓடினாள்.

துரத்தினேன். கதவைச் சாத்தப் பார்த்தாள். எட்டி உதைத்ததில் கதவு சுவரில் போய் அறைந்தது. கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டாள். ஒரு கால் கைக்கு அகப்பட்டது. பிடித்து இழுத்துக்கொண்டே கரண்டியை ஓங்கினேன். என் அம்மாவின் கையும் அப்படித்தான் உயரும்.

"அம்மா, இரும்மா! இந்தா! இந்தா!"

இழுபட்டு வெளியே வந்தவளின் கையில் ஒரு தட்டு இருந்தது. நீலக் கோடு போட்டது, விளிம்பு உடைந்தது.

"அப்பா தூக்கிப் போடறப்போ ஒண்ணு மட்டும் ஒளிச்சு வெச்சேன். என்னை வேணாம்மா. இதை அடி."

கரண்டி நழுவித் தரையில் விழுந்தது. அறை வாசலில் கணவர், தோளில் கதறும் பையனோடு நின்றார். என் கிழிந்த உதட்டை அப்போதுதான் பார்த்தார்.

நான் தட்டை வாங்கவில்லை. வாங்காததில் அவளுக்குப் பயம் இன்னும் கூடியது. அதை என் காலடியில் வைத்தாள். பிறகு, தினமும் செய்து பழகியவளைப் போல, மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு காத்திருந்தாள்.