யாருங்க பேசறது?

"எனக்குத் தொண்டை சரியில்லங்க. டாக்டர்கிட்ட காட்டணும்."

ராத்திரிச் சாப்பாட்டைப் பரிமாறிக்கொண்டே அவள் இதைச் சொன்னாள். கணவன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "உப்பு எடு" என்றான். எதிரே மாமனாரும் கொழுந்தனும் இரும்புக் கடைக்கு இன்னொரு கிளை திறப்பதைப் பற்றி மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் உப்பை வைத்துவிட்டு மறுபடியும் சொன்னாள். குரல் பாதியிலேயே கம்மிவிட்டது. மாமனார் கையமர்த்தி, முக்கியமான பேச்சு ஓடுகிறது, அப்புறம் சொல்லம்மா என்றார்.

அந்த வீட்டில் அப்படித்தான். ஆண்கள் உட்கார்ந்து பேசுவார்கள், பெண்கள் நின்றபடி சொல்வார்கள். நின்றபடி சொல்வது யார் காதிலும் ஏறாது. கல்யாணமாகி வந்த புதிதில் அவளும் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிப் பார்த்தாள். கத்தாதே என்பதுதான் பதிலாக வந்தது. பிறகு பேச்சைச் சுருக்கிக்கொண்டாள், சுருக்கியதையும் பாதியாக்கினாள். அதனால் மூன்று மாதமாக அவள் குரல் தேய்ந்துகொண்டே வந்தது அங்கே ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அன்று மத்தியானம் அக்காவுக்குப் போன் செய்திருந்தாள். "நான்தான்க்கா" என்று இவள் சொன்னதும், "யாருங்க பேசறது? ராங் நம்பர்" என்று அக்கா வைத்துவிட்டாள். கூடப் பிறந்தவளுக்கே அடையாளம் தெரியவில்லை. சித்திக்கும் இப்படித்தான் தொடங்கியது. வெந்நீர் குடி, சரியாகிவிடும் என்று நாளைக் கடத்தி, கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது தொண்டையில் புற்று முற்றியிருந்தது. சித்தி பிழைக்கவில்லை.

சாப்பாட்டுக் கடை முடிந்ததும் அவள் மறுபடி அக்காவைக் கூப்பிட்டு, முதலில் தன் பேரைச் சொல்லி, பிறகு தொண்டை விஷயத்தைச் சொல்லி அழுதாள்.

மறுநாள் காலை கணவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அடுப்படிக்கு வந்தான்.

"நேத்து ராத்திரி சகலை போன் பண்ணாரு. உனக்குத் தொண்டை சரியில்லையாமே? ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

அதில் கள்ளம் எதுவும் இல்லை. அவனுக்கு நிஜமாகவே தெரியாது, அதுதான் கொடுமை. அக்கா தன் புருஷனிடம் சொல்லி, அவர் இவனிடம் சொல்லி, ஊரைச் சுற்றிக்கொண்டு வந்த பிறகுதான் பக்கத்தில் படுத்திருந்தவளின் பேச்சு இவன் காதுக்கு எட்டியது. அவள் புடவை மாற்றிக்கொண்டு அவனோடு டாக்டரிடம் கிளம்பினாள்.

டாக்டர் நல்ல மனிதர்தான். ஆனால் கேள்வியைக் கணவனைப் பார்த்துக் கேட்டார்.

"குரல் எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"ரெண்டு நாளாத்தான் டாக்டர்" என்றான் அவன், கொஞ்சமும் தயங்காமல்.

மூன்று மாதம் என்றாள் அவள். வாயிலிருந்து காற்றுத்தான் வந்தது. அவள் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் என்று கணவன் சிரித்தான். டாக்டரும் கூடச் சிரித்து, இரண்டு நாள் கரகரப்புக்கெல்லாம் கவலை வேண்டாம், உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தால் போதும் என்று மாத்திரை எழுதத் தொடங்கினார். கணவன் எழுந்து கதவருகே போய்விட்டான்.

அவள் எழவில்லை. எழுந்தால் சித்தியின் கதைதான். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த காகிதத்தின் மேல் கையை அழுத்தி வைத்தாள். டாக்டர் நிமிர்ந்தார், முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"அவர் காதுக்கு ரெண்டு நாள், டாக்டர்" என்றாள், ஒவ்வொரு வார்த்தையாக மூச்சுப் பிடித்து. "என் தொண்டைக்கு மூணு மாசம்."

டாக்டர் பேனாவை மூடினார். மூன்று மாதம் என்றால் உள்ளே கருவி விட்டுப் பார்க்க வேண்டும், இன்றைக்கே பார்த்துவிடலாம் என்று, இப்போது அவளிடமே சொன்னார். கணவன் திரும்பி வந்து நாற்காலியை இழுத்தான்.

"நீங்க வெளியில உக்காருங்க" என்றாள் அவள். "கேக்கறதுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

அவன் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் கதவைக் காட்டினார்.

வெளியே பெஞ்சில் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உள்ளே போய்வந்த நர்ஸை மறித்து, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டான்.

"அவங்களே வந்து சொல்வாங்க சார்" என்றாள் நர்ஸ், நிற்காமல் நடந்தபடி. "கவனமா கேட்டுக்குங்க. சத்தம் ரொம்ப கம்மியாத்தான் வருது."