கருப்பட்டி போட்ட பட்டைத் தண்ணி

எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம்தான் முதலில் பேசும். அன்று பகல் பன்னிரண்டரை மணிக்கு ஒரு சட்டியும் இரண்டு டம்ளரும் பேசி முடித்திருந்தன.

"பிள்ளை மேல சத்தியமா நான் குடிக்கல சபிதா."

"ஒங்க சத்தியத்தத்தான் ஏற்கெனவே பாத்தாச்சே!"

என் வீட்டுக்காரர் ஜெஸ்டின் அரசு பஸ் டிரைவர். கோவில்பட்டிக்கும் விளாத்திகுளத்துக்கும் ஓட்டுகிறார். டியூட்டி ஏறுமுன் டிப்போவில், குடித்திருந்தால் கத்துகிற மெஷினில் ஊதிக் காட்ட வேண்டும். ஒன்றரை வருடத்துக்கு முன் அவர் ஊதும்போது அது கத்தி, மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்தார். இன்னொரு தடவை கத்தினால் வேலை கிடையாது என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் திரும்பச் சேர்த்தார்கள். அன்றிலிருந்து குடியையும் விட்டார், புகையிலையையும் விட்டார்.

புகையிலை போனாலும் ஈறில் ரத்தம் போகவில்லை, வாய் நாற்றமும் போகவில்லை. கடையில் விற்கிற வாய் கொப்பளிக்கும் மருந்தை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தால் அதில் ஆல்கஹால் என்று போட்டிருந்தது. சரிதான் போ என்று நானே வீட்டில் செய்ய ஆரம்பித்தேன். நாட்டுக் கருவேலம்பட்டை, கிராம்பு, ஓமம், கல்லுப்பு எல்லாவற்றையும் கொதிக்கவைத்து வடிகட்டினால் முடிந்தது. இடைசெவலில் இருக்கிற என் அண்ணன்தான் பட்டை கொண்டுவந்து தருவான். துவர்க்கிறது என்று இவர் முகத்தைச் சுளித்ததால் கொஞ்சம் கருப்பட்டியும் சேர்த்தேன்.

இந்தச் சண்டைக்கு முந்தின வாரம் கேஸ் தீர்ந்துவிட்டது. கோவில்பட்டி வெயில் இருக்கும்போது அடுப்பு எதற்கு என்று எனக்கு ஒரு மெத்தனம். பட்டையை இடித்து, கருப்பட்டியை உடைத்துப் போட்டு, தண்ணீர் ஊற்றி, இரண்டு பெரிய பாட்டிலில் மூடியை இறுக்கி, தகரக் கூரைக்குக் கீழே அலமாரியில் வைத்துவிட்டேன். ஒன்றைத் திறந்து அவர் தினமும் வீட்டிலேயே கொப்பளித்துவிட்டுப் போனார்.

நான்கு நாளாக அவர் பக்கத்தில் வந்தாலே லேசாக அந்தப் பழைய வாடை. பேச்சை நிறுத்தினேன். தட்டைத் தரையில் நங்கென்று வைத்தேன். அன்று கிளம்பும்போது, முதல் தடவையாக, அந்தத் தண்ணீரைச் சின்னப் பாட்டிலில் ஊற்றி அவர் பையில் திணித்தேன்.

"ஊதுததுக்கு முன்னாடி நல்லா கொப்பளிச்சிட்டு ஊதுங்க. எங்க கண்ணுலதான் மண்ணு, டிப்போவுல உள்ளவியளுக்காவது நாறாம இருக்கட்டும்."

அவர் பைக்கை உதைத்தார்.

அவர் போய்ப் பத்து நிமிடம் இருக்கும். பக்கத்து வீட்டு வெயிலம்மாள் அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்தாள். அலமாரியில் திறக்காமல் உப்பிப்போய் நின்ற இன்னொரு பாட்டிலைப் பார்த்துவிட்டு மூடியைத் திருகினாள். புஸ்ஸென்று நுரை பொங்கிக் கையெல்லாம் வழிந்தது.

"ஏட்டி, என்னத்தப் போட்டு வச்சிருக்க?"

சொன்னேன். அக்கா மோந்து பார்த்தாள்.

"அடிப்பாவி! இது ஊறல்லா! எங்கய்யா சாராயம் காய்ச்சி ரெண்டு தடவ ஜெயிலுக்குப் போனாரே, இதுக்குத்தான். வேலம்பட்டையும் கருப்பட்டியும் ஊறப்போட்டு வெக்கையில மூடி வச்சா வேற என்ன வரும்? இனி அடுப்புல ஏத்தி வடிக்கதுதான் பாக்கி!"

போன் அடித்தேன். சுவிட்ச் ஆஃப். டியூட்டிக்குப் போனால் அணைத்துவிடுவார். மணி பன்னிரண்டு ஐம்பது. ஒரு மணிக்கு ஊத வேண்டும். அந்தப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

"மஸ்தான் அண்ணே, டிப்போவுக்கு விடுங்க. அவிய வேலை போயிரும்!"

ஆட்டோ பறந்தது. பாதி வழியில் ஒரு தண்ணி லாரி திரும்ப முடியாமல் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. அந்த லாரிக்காரனை நான் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது.

டிப்போவுக்குள் நுழையும்போதே தெரிந்துவிட்டது. மெஷின் கத்தி முடித்திருந்தது. மேஜையில் சங்கரபாண்டியன் அண்ணாச்சி, ஊத வைக்கிற அதிகாரி, பேனாவைத் திறந்துகொண்டிருந்தார். இவர் தலை குனிந்து நின்றார். தான் குடிக்கவில்லை என்பதே தனக்குச் சந்தேகமாகிப்போன மாதிரி ஒரு முகம்.

மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன்.

"எத்தனையோ பொண்டாட்டிமாரப் பாத்துட்டேம்மா," என்றார் அண்ணாச்சி. "ஆளுக்கொரு கதை கொண்டுவருதாவ."

வந்ததே எனக்கு ஆத்திரம். பாட்டிலைத் திறந்து ஒரு வாய் ஊற்றிக் கொப்பளித்துச் சாக்கடையில் துப்பினேன்.

"இப்ப என்னை ஊத வைங்க."

சுற்றி நின்ற ஆம்பிளைகளில் ஒருத்தன் சிரித்தான். அண்ணாச்சி தயங்கினார். நான் நகரவில்லை. புதுக் குழாய் மாட்டி நீட்டினார். ஊதினேன். மெஷின் வீலென்று கத்தியது.

"நான் குடிகாரியா அண்ணாச்சி? சொல்லுங்க!"

சிரித்தவன் வாயை மூடிக்கொண்டான். அண்ணாச்சி பேனாவை மூடினார்.

"வாயில இருக்கதுன்னா இருபது நிமிசத்துல போயிரும். குடிச்சிருந்தா போகாது. ரெண்டு பேரும் பச்சத் தண்ணியில கொப்பளிச்சிட்டு அங்கன ஒக்காருங்க."

பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் என்னைப் பார்க்கவில்லை. வெளியே விளாத்திகுளம் வண்டிக்கான நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தையே பார்த்தேன். இந்தப் பாழும் மனசு இருக்கிறதே, அப்போதும் சும்மா இருக்கவில்லை. ஒருவேளை நிஜமாகவே குடித்திருந்தால்? ஊரெல்லாம் பார்க்க நான் ஊதிக் காட்டியதற்குப் பிறகும் அப்படி நினைத்தேன். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

முதலில் நான் ஊதினேன். பூஜ்யம். அவர் எழுந்து போய் ஊதினார். நான் கண்ணை மூடிக்கொண்டு சேசுவே சேசுவே என்றேன். சத்தமே வரவில்லை. கண்ணைத் திறந்தால் அதிலும் பூஜ்யம்.

"போய் வண்டிய எடுப்பா," என்று அண்ணாச்சி எழுதாத தாளை மடித்து வைத்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பின்னாலேயே பஸ் வரைக்கும் ஓடினேன். சீட்டில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி எனக்கு அந்நியம். அவியளே இருபது நிமிசம் குடுத்தாவ. நீ இந்த நாலு நாள்ல ஒரு நிமிசம் குடுக்கலையேட்டி."

"மன்னிச்சிருங்க," என்றேன். கல்யாணமான ஒன்பது வருடத்தில் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. என்ஜின் போட்ட சத்தத்தில் அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அவர் வீட்டுக்கு வந்ததும் மறுபடி சொல்ல வேண்டும்.