உணவுக்குப் பின்

மகள் மயங்கி விழுந்தபோது, வீட்டுத் தலைவர் பதறிப்போய் முதலில் தூக்கியது மீனைத்தான்.

"ஐயோ, நடுத்துண்டு!" என்று குனிந்து அதைத் தரையிலிருந்து எடுத்து, ஊதி, தன் தட்டில் வைத்துக்கொண்டார். அதன் பிறகுதான் மகள் கண்ணில் பட்டாள். பதினான்கு வயது. கரண்டியை விடாமல் பிடித்தபடியே விழுந்து கிடந்தாள். பரிமாறும் வேலையில் அவ்வளவு பொறுப்பு.

"புள்ள விழுந்து கெடக்கா, உங்களுக்கு மீனா பெருசு?" அம்மா தண்ணீரோடு ஓடி வந்தாள்.

"ராத்திரியெல்லாம் ஃபோனை நோண்டுனா மயக்கம் வராம என்ன வரும்?" என்றார் அவர், முள்ளை எடுத்தபடி.

அவர் ஊரறிந்த சாப்பாட்டுக் கடை முதலாளி. கடை வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை: 'வயிறு நிறையும்வரை கேளுங்கள். முகம் சுளிக்காமல் போடுவோம்.' கடையில் அது சட்டம். வீட்டில் சட்டம் வேறு. முதலில் அவர், அடுத்து உடம்பை ஏற்றிக்கொண்டிருக்கும் மகன், அதற்குப் பிறகு மிஞ்சியது பெண்களுக்கு. மிஞ்சினால் நஷ்டம் என்பது அவர் தொழிலில் கற்றது. ஆகவே சமைக்க ஒரே பாத்திரம், கல்யாணமான புதிதில் அவர் கையாலேயே வாங்கிப் போட்டது. குடும்பம் இரண்டு பேரிலிருந்து நான்கானது. மகன் ஒருவனே இரண்டு ஆள் ஆனான். பாத்திரம் மட்டும் வளரவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா மகளை உட்காரவைத்துக் கேட்டாள். "வீட்ல சாப்பாட்டுக்குக் கஷ்டம் ஏதும் உண்டாம்மா?"

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். "யாரைப் பாத்து என்ன கேள்வி கேக்குறீங்க? ஊருக்கே சோறு போடுறவன் நான்."

"பொண்ணைக் கேட்டேன். இந்த வயசுப் பிள்ளைங்க எல்லாரையும் கேக்குறதுதான். தனியா வச்சுத்தான் கேப்போம். நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க."

"பெத்த அப்பன் கேக்கக் கூடாதா?"

"தாராளமா கேக்கலாம். நடுவுல பதில் சொல்லாம இருக்க உங்களால முடியாது. அதான்."

கதவு சாத்தப்பட்டது. வீட்டில் யாராவது அடிப்பார்களா, பயமாக இருக்கிறதா, பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போக முடிகிறதா, வீட்டில் அரிசி பருப்பு இருக்கிறதா? வழக்கமான கேள்விகள். மகள் எல்லாவற்றுக்கும் நல்ல பதிலே சொன்னாள். ஒன்றும் பொய்யில்லை. அரிசி மூட்டை மூட்டையாக இருந்தது.

நர்ஸம்மா மகளின் வெளுத்த நகங்களைப் பார்த்தாள். அவளும் ஒரு வீட்டில் மகளாக வளர்ந்தவள்தான்.

"வீட்ல யாரும்மா கடைசியா சாப்பிடுறது?"

"நானும் அம்மாவும்."

"உங்களுக்கு என்ன மிஞ்சும்?"

"பாத்திரம்," என்று சொல்லிவிட்டு மகளே சிரித்தாள். நர்ஸம்மா சிரிக்கவில்லை.

"இதை வீட்ல சொல்லலாமா?"

மகள் யோசித்தாள். "அம்மாகிட்டச் சொல்லுங்க. அப்பாகிட்டச் சத்தமாச் சொல்லுங்க."

அப்படியே சொல்லப்பட்டது. நடைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களும் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. ரத்தம் மிகவும் குறைவு. மாத்திரை உண்டு, ஆனால் மாத்திரை சோறாகாது. இனி வீட்டில் முதல் தட்டு இவளுடையது.

"உழைக்கிறவன் முதல்ல சாப்பிடுறதுதான் எங்க வீட்டு வழக்கம்," என்றார் முதலாளி. விடியுமுன் எழுந்து மகளோடு உட்கார்ந்து கடைக்கு வெங்காயம் நறுக்கும் அம்மா, தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

மாத்திரை வந்தது. வழக்கம் போகவில்லை. மறுநாளே, மகன் வழித்துவிட்டுப் போன பாத்திரத்தின் முன்னால் மகள் மாத்திரையும் கையுமாக நின்றாள்.

"அம்மா, உணவுக்குப் பின்னுன்னு போட்டிருக்கு. எதுக்குப் பின்னாடி போடுறது?"

அம்மா பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு முகம் கழுவி, இருப்பதில் நல்ல உடுப்பை எடுத்து உடுத்திக்கொண்டு, "வாடி, வெளிய சாப்பிடலாம்," என்றாள்.

கடையில் கால் வைக்க இடமில்லாத நேரம். இருவரும் கல்லாவுக்கு நேர் எதிர் மேசையில் உட்கார்ந்தார்கள். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தார்.

"இங்க என்ன வேலை? பின்பக்கம் போ."

"சாப்பிட வந்தோம்."

"வீட்ல சமைக்கலையா?"

"சமைச்சேனே. மிஞ்சல." வீட்டில் சுவரோடு பேசும் குரல்தான். இன்று கூரை வரை கேட்டது.

கடையில் தட்டுச் சத்தம் நின்றது. தினமும் வருகிற லாரிக்காரர் வாய்க்குக் கொண்டுபோன கையை நிறுத்தினார். "முதலாளி, இது உங்க பொண்ணா? நம்ம கடைப்பக்கம் பாத்ததே இல்லையே! போடச் சொல்லுங்க. அதான் பலகையில எழுதியிருக்கே!"

முகம் சுளிக்காமல் போட வேண்டியதாயிற்று. மகள் மீன் கேட்டாள். நடுத்துண்டு வந்தது. மறுபடி கேட்டாள். வந்தது. மூன்றாம் தடவை, பரிமாறுபவரைக் கேட்கவில்லை. அப்பாவையே பார்த்துக் கேட்டாள். அவரே எடுத்துவந்து வைத்தார். அவள் நிதானமாக முள்ளெடுத்துத் தின்று முடித்து, மாத்திரையை விழுங்கி, அட்டையை எல்லோர் கண்ணிலும் படும்படி மேசை நடுவில் வைத்தாள்.

மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாளும். லாரிக்காரர் வேறு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்.

கடைசியில் முதலாளி இறங்கி வந்தார். "மானத்தை வாங்காதீங்க. வீட்லயே சாப்பிடுங்க. முதல்லயே சாப்பிட்டுத் தொலைங்க."

"வார்த்தை மாறக் கூடாது," என்றாள் அம்மா.

மாறவில்லை. மகள் சாப்பிட்டாள், அடுத்து அம்மா. பிறகு மகன், அவன் வழக்கப்படி வழித்தான். முதலாளி கரண்டியை விட்டுத் துழாவினார். டங்கென்று சத்தம்தான் வந்தது.

"கொஞ்சம் கூடச் சமைச்சா என்னவாம்?"

"இந்தப் பாத்திரம் போதும்னு நீங்கதானே வாங்கிப் போட்டீங்க? மிஞ்சினா நஷ்டம்."

கடையில் போய் உட்கார்ந்தால், "என்ன முதலாளி, வீட்ல மிஞ்சலையா?" என்று லாரிக்காரர் கேட்டார். கடையே சிரித்தது. அதன் பிறகு அவர் அங்கே தட்டெடுக்கவில்லை. பெரிய பாத்திரம் வாங்கலாம்தான். வாங்கினால் இத்தனை வருஷம் அது சின்னது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதைவிடப் பசி தேவலாம் என்று இருந்தார்.

அடுத்த பரிசோதனைக்கு மகள் வந்தபோது உதட்டில் நிறம் இருந்தது. கூட வந்த முதலாளி, சொல்லாமலே வெளியே உட்கார்ந்தார். அவர் பெல்ட் ஓர் ஓட்டை உள்ளே போயிருந்தது.

நர்ஸம்மா பழைய கேள்விகளையெல்லாம் கேட்டு, கடைசியில் அந்தக் கேள்விக்கும் வந்தாள். "இப்ப வீட்ல யார் கடைசியா சாப்பிடுறது?"

"அப்பா."

"அவருக்கு என்ன மிஞ்சும்?"

கதவு சரியாகச் சாத்தவில்லை. இடுக்கில் ஒரு நிழல் அசையாமல் நின்றது. மகள் அதைப் பார்த்துவிட்டுக் குரலை உயர்த்தினாள்.

"பாத்திரம்தான். கழுவி வச்சிட்டுத்தான் கடைக்குப் போறாரு."