இரண்டாவதுக்கான ஊசி

1

நான் பதில் சொல்லாமல் விட்ட ஒரு கேள்வியிலிருந்து வந்தது இந்தக் கதை. கேட்டவள் என் அக்கா. ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வீட்டுக்கு வந்த மறுநாள், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடி கேட்டாள்.

"நீ சயின்ஸ் படிச்சவதான? நீ சொல்லு. வேண்டுதலத் தள்ளிப்போட்டதுனாலதான இப்படி ஆச்சு?"

எனக்கு நேரில் பேச வராது. கல்லூரியில் வாய்மொழித் தேர்வின்போது பதில் தெரிந்தும் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றவள். அன்றும் நின்றேன். பிறகு சமையலறைக்குப் போய் அவளுக்குக் கஞ்சி வைத்தேன். எழுதினால் வரும் என்று நினைத்து இதைத் தொடங்கினேன்.

முதல் தொடக்கம்: "மைசூரில் அன்று மழை" (மழை பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.)

அடுத்தது: "ஒரு பெண்ணுக்கு இரண்டாவது குழந்தை என்பது" (இப்படித் தொடங்கும் வாக்கியத்தை முடிக்க எனக்குத் தகுதி இல்லை. எனக்குத் திருமணமே ஆகவில்லை.)

அதற்கடுத்தது: "குழந்தை இறந்துவிட்டது." இது இருக்கட்டும். பிழைக்குமா என்ற பதற்றத்தோடு நீங்கள் பக்கங்களைத் திருப்ப வேண்டியதில்லை. அது முடிந்துபோனது. முடியாமல் இருப்பது அக்காவின் கேள்வி மட்டுமே.

தாளின் மேல்பக்கம் தலைப்புக்கு இடம் விட்டிருக்கிறேன்.

2

அக்காவுக்குக் கனகா என்று பெயர் வைக்கிறேன். உண்மைப் பெயர் வேறு. அவள் கணவர் மனோஜ்குமார், தேவராஜா மார்க்கெட்டில் வாழைப்பழ மண்டியில் வேலை செய்கிறார். மைசூரிலேயே பிறந்தவர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. (நான் தமிழில் எழுதுவதற்கு அது ஒரு காரணம்.) மூத்த குழந்தை தனு, மூன்று வயது. அம்மாவுக்கும் ஒரு பெயர் தேடினேன். எதுவும் பொருந்தவில்லை. அம்மா என்றே இருக்கட்டும்.

எங்கள் ஊர் மார்டள்ளி, கர்நாடகத்தில் மாதேஸ்வரன் மலைக்குப் பக்கம். பள்ளிக்கூடத்தில் கன்னடம்தான். மேட்டூர்ப் பக்கம் அத்தை வீட்டில் கொஞ்ச நாள் இருந்த அக்கா, தமிழ் எழுத்துகளைக் கற்றுக்கொண்டு வந்து எனக்கு வாசல் மண்ணில் எழுதிக் காட்டினாள். நான் படித்துக்கொண்டே போய்விட்டேன். அவள் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில், இரண்டாவது புகுந்த வீட்டில். இது எங்கள் வழக்கம். தனு பிறந்தபோது நான் மைசூரில் விடுதியில் தங்கி செமஸ்டர் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். ஊரில் அம்மா எல்லாம் செய்தாள். வளைகாப்பு, லேகியம், இடுப்புக்கு வெந்நீர், குழந்தைக்குச் சாம்பிராணி. ஒன்றையும் விடவில்லை. இரண்டாவதுக்கு வளைகாப்பு கிடையாது. இந்த முறை கனகா மைசூரிலேயே இருந்தாள். அம்மா விருந்தாளி மாதிரி ஒரு பையில் பழங்களோடு வந்து இறங்கினாள்.

வேண்டுதல் இதுதான். தனுவின் முதல் முடியை மாதேஸ்வரன் மலையில் எடுப்பதாக நேர்ந்திருந்தார்கள். நாள் குறித்த பிறகு கனகா உண்டானாள். தாய் வயிற்றுப்பிள்ளையோடு இருக்கும்போது மூத்ததுக்கு மொட்டை போடக் கூடாது என்று தள்ளிவைத்தார்கள். தள்ளிவைத்தது கனகாவின் மாமியார்தான். குழந்தை இறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அதே மாமியார் சொன்னார்:

"ஹரகெ பாக்கி வெச்சா மாதப்பா சும்மா விடுவாரா? நான் அப்பவே சொன்னேன் அல்வா?"

(ஹரகெ என்றால் வேண்டுதல், மாதப்பா என்பது மாதேஸ்வரன், அல்வா என்றால் அல்லவா. அவர் பேச்சில் பாதி கன்னடம். அவர் அப்போது சொன்னது இதற்கு நேர் எதிர். இதை யாரும் அவருக்கு நினைவுபடுத்தவில்லை. நானும்தான்.)

வராந்தாவில் பேசுவது வார்டுக்குள் கேட்கும்.

3

இந்த இடத்தில் கொஞ்சம் அறிவியல். கதைக்குள் பாடம் நடத்தக் கூடாதுதான். ஆனால் அக்கா என்னிடம் கேட்டதே அதைத்தான்.

கனகாவின் ரத்தம் நெகட்டிவ். தனுவின் ரத்தம் பாசிட்டிவ். பிரசவத்தின்போது குழந்தையின் ரத்தம் சில துளிகள் தாயின் ரத்தத்தில் கலக்கும். தாயின் உடல் அதை அந்நியம் என்று அடையாளம் கண்டுகொள்ளும். முதல் குழந்தைக்கு ஆபத்தில்லை, அது பிறந்தாகிவிட்டது. ஆனால் உடல் கற்றுக்கொண்டதை மறக்காது. அடுத்து வரும் குழந்தையும் பாசிட்டிவாக இருந்தால் அதன் ரத்த அணுக்களை உள்ளேயே வைத்து அழிக்கும். தாய்க்கு வலிக்காது. ஒன்றும் தெரியாது.

கனகாவுக்குத் தெரிந்தது ஏழாம் மாதம். டாக்டர் அம்மாள், உடல் அப்படிக் கற்றுக்கொள்ளாமல் தடுக்க முதல் பிரசவம் முடிந்ததும் ஓர் ஊசி போட்டிருக்க வேண்டுமே, போட்டார்களா என்று கேட்டார். கனகாவுக்கு நினைவில்லை. அன்றைக்கு அவள் பாதி மயக்கத்தில் கிடந்தவள். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கன்னடத்தில் ஒரே வார்த்தை சொன்னாள்.

"ஹாக்ஸித்வி."

போட்டோம் என்று அர்த்தம். அரிதாகச் சிலருக்கு ஊசி போட்டும் பலிக்காமல் போவதுண்டு என்றார் டாக்டர்.

எட்டாம் மாதமே வயிற்றைக் கீறி எடுத்தார்கள். பையன். உடம்பெல்லாம் மஞ்சள். எங்கள் வீட்டில் மஞ்சள்தான் விளைச்சல். மூட்டை மூட்டையாகப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இந்த மஞ்சளைப் பார்த்ததில்லை. அவன் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்றினார்கள். தாங்கவில்லை.

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது என்று தனுவின் பழைய சட்டை ஒன்றைத் துவைத்துக் கொண்டுபோயிருந்தோம். அதில்தான் சுற்றிக் கொடுத்தோம். பெயர் வைக்கவில்லை. அடுத்த நாள் கனகாவுக்குப் பால் கட்டிக்கொண்டது. கொழுகொழுவென்று ஏதோ (இந்த வாக்கியம் வேண்டாம்.)

அவளுக்கு வலித்தது.

4

இறந்து ஒரு வாரம் இருக்கும். மொட்டைமாடியில் அம்மா தனுவின் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் கவ்வியை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆயிரத்தில் சிலருக்குத்தான் அந்த ஊசி பலிக்காமல் போகுமாம், அதில் நம் அக்கா எப்படிச் சிக்கினாள் என்றேன். கேட்கவில்லை, எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மா ஒரு பாவாடையை உதறினாள். திரும்பவும் உதறினாள்.

"போடலீடி அம்மிணி."

எனக்குப் புரியவில்லை.

"ஊசி. போடலீ."

பிறகு மெதுவாகச் சொன்னாள். தனு பிறந்த ஊர் ஆஸ்பத்திரியில் அந்த ஊசி இருப்பில் இல்லை, கொள்ளேகால் போய் வாங்கிவர வேண்டும் என்றார்களாம். வீட்டில் மஞ்சள் வேகவைக்கிற சமயம். அப்பா அடுப்பை விட்டு நகர முடியாது. இது எதற்கு என்று அம்மா நர்ஸிடம் கேட்டிருக்கிறாள்.

"இந்தக் கொழந்தைக்கும் இல்லீங்க, தாய்க்கும் இல்லீங்க, அடுத்த கொழந்தைக்குன்னு அந்த நர்ஸம்மாவே சொல்லுச்சு. அடுத்தது அவிய ஊட்டுப் பாடுதான? ரெண்டாவது உண்டாகறப்ப அவிய போட்டுக்குவாங்கன்னு இருந்துட்டேன். அப்பவே போடணும்னு எனக்குத் தோணுமா? நீயே சொல்லு. பொறக்காத புள்ளைக்கு இப்பவே ஊசி போடுவாங்களா?"

நான் அடுத்த கவ்வியை எடுத்துக் கொடுத்தேன். டாக்டரிடம் ஏன் போட்டதாகச் சொன்னாய் என்று கேட்கவில்லை. டாக்டர் கேட்ட அன்று கனகாவின் மாமியார் பக்கத்து நாற்காலியில் இருந்தார்.

"அவகிட்டச் சொல்லீராத. வேண்டுதல்னே நெனச்சுக்கட்டும். பழி சாமி மேல போனா சாமி தாங்கும். நான் தாங்குவனா?"

காலி வாளியைத் தூக்கிக்கொண்டு அம்மா கீழே இறங்கிப் போனாள்.

5

தலைப்பு கிடைத்தது அங்கேதான். முதல் தாளில் இன்னும் எழுதவில்லை.

அம்மாவுக்கு ஏன் பெயர் கிடைக்கவில்லை என்பதும் இப்போது உங்களுக்குத் தெரியும். அவளைப் பற்றி எழுதுவதுதான் கஷ்டமாக இருக்கிறது. ஒரு வரி எழுதினால் கொடுமைக்காரி ஆகிறாள். அடுத்த வரியில் ஒன்றும் தெரியாதவள் ஆகிறாள். இரண்டும் பொய். விடிவதற்கு முன் எழுந்து மகளுக்கு வெந்நீர் போட்டவள் அவள். தன் கடமை எது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. இரண்டாவது குழந்தை அந்தக் கடமையின் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

எழுதிப் பார்த்த முடிவுகள்:

நான் சொல்லிவிடுகிறேன். கனகா எழுந்து உட்காருகிறாள். அவளுடைய வேண்டுதல் காரணமில்லை, அவள் காரணமில்லை. பிறகு அம்மாவை நிமிர்ந்து பார்த்து (இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.)

நான் சொல்லவில்லை. உடம்பு தேறியதும் மலைக்குப் போகிறார்கள். தனுவுக்கு மொட்டை. கனகாவும் தன் தலைமுடியைக் கொடுக்கிறாள், அபராதமாக. (இதை நான் கற்பனை செய்யவில்லை. முடிவெடுத்துவிட்டாள். அவள் பின்னல் இடுப்புக்குக் கீழே வரும். இப்போதே அதற்கு எண்ணெய் வைப்பதை நிறுத்திவிட்டாள்.) அடுத்தது உண்டானால் பயத்தோடு மலையைப் பார்ப்பாள், டாக்டரை அல்ல.

அம்மாவே சொல்லிவிடுகிறாள். இந்த முடிவுக்குத்தான் தாள்கள் அதிகம் வீணாயின. எத்தனை விதமாக எழுதினாலும் அம்மா கதவு வரை வருகிறாள். தனுவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் போகிறாள்.

6

இதை எழுதும்போது அக்கா எனக்கு எதிரில் இருக்கிறாள். பிற்பகல். தனு தூங்குகிறாள். அம்மா உள்ளே பூண்டு உரிக்கிறாள்.

என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள். நீ கேட்டதற்குத்தான் என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

"குடு. நானே எழுத்துக்கூட்டிப் படிச்சுக்கறேன்."

முதல் மூன்று பகுதிகளைக் கொடுத்தேன். ஒவ்வொரு பகுதியையும் தனித் தாளில் எழுதுவது என் பழக்கம். வரிக்குக் கீழே விரல் வைத்துப் படிக்கிறாள். உதடு அசைகிறது. இரண்டாம் தாளில் ஒரு முறை நிமிர்ந்தாள்.

"எனக்கு எதுக்குடி கனகான்னு பேரு வெச்ச? நம்ம எதுத்த ஊட்டு எருமைக்கல்ல அந்தப் பேரு?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். உள்ளே பூண்டு உரிக்கும் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

மூன்றாம் தாளைப் படிக்கும்போது சிரிப்பு இல்லை. சட்டை வந்த இடத்தில் விரல் அப்படியே நின்றுவிட்டது. நான் வேறெங்கோ பார்த்தேன். பிறகு விரல் நகர்ந்தது.

நான்காம் தாள் என் மடியில், இந்தத் தாளுக்கு அடியில் இருக்கிறது. அதைக் கிழித்துவிட்டு வேறொன்றை நான்காவதாக எழுதிவிடலாம், ஊசி அரிதாகப் பலிக்காமல் போவதுண்டு என்று. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவளுக்கு அது போதும். ஆனால் தனக்கு மட்டும் ஏன் பலிக்கவில்லை என்று மலையைத்தான் பார்ப்பாள், கூந்தல் போகும். நான்காவதை அப்படியே கொடுத்தால் கூந்தல் நிற்கும். அம்மா ஊருக்குத் தனியாகப் பஸ் ஏறுவாள்.

அக்கா மூன்றாம் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். கையை நீட்டுகிறாள்.

"அடுத்தது எங்க?"

தாள் என்னிடம்தான் இருக்கிறது. நீங்கள் அதைப் படித்துவிட்டீர்கள். அவள் கை இன்னும் நீண்டபடி இருக்கிறது.