முன்கை தேய்த்த இடம்

தோர்சனின் பட்டறையிலிருந்து கிட்டார் வந்திறங்கிய அன்று, லோவெல் டைக்ஹவுஸ் பெட்டியைத் திறந்து முதலில் சரிபார்த்தது காயங்களைத்தான். எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தன. தலைப்பகுதியில் சிகரெட் சுட்ட கரும்புள்ளி. கீழ்விளிம்பில் ஏதோ மேசை முனையில் இடித்துப் பெயர்ந்த வண்ணம். மேல்விளிம்பில், வலது முன்கை வருஷக்கணக்காக உரசி உரசி மெருகு போய், உள்ளே இருந்த மேப்பிள் மரம் வெளிறித் தெரியும் உள்ளங்கை அகல இடம்.

இவற்றில் ஒன்றைக்கூட லோவெல் உண்டாக்கவில்லை. கிட்டார் பிறந்தே சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

வெளியாள் யாராவது கேட்டால் சிரிப்பார்கள். புதுக் கார் வாங்கும்போதே கதவை நசுக்கித் தரச் சொல்பவர் உண்டா? ஆனால் மிச்சிகனில், கலமசூ ஊரின் சனிக்கிழமைக் கூட்டத்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள். அங்கே புதுக் கிட்டாரின் பளபளப்பு ஒரு மானக்கேடு. மரத்தைச் செதுக்கி, இழைத்து, வண்ணம் பூசி முடித்த அதே கையால் அதைச் சுரண்டித் தருவதற்குத் தனிக் கூலி. அந்தக் கூலியைக் கொடுக்கவும் மாதக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டும். வாசிக்க நேரமில்லாத மனிதர்கள், வாசித்த அடையாளத்தை வாங்கிக்கொள்ள ஏற்பட்ட ஏற்பாடு அது.

கூட்டம் என்றால் நான்கு பேர். ஒருவன் போய்ச் சேர்ந்ததில் இப்போது மூன்று. க்ளென் வீட்டுக் கீழ்த்தளத்தில் கூடுவார்கள். க்ளென் ஓய்வுபெற்ற தோல் டாக்டர். ஆகவே அழகு அவன் இலாகா. மேப்பிள் பலகையில் புலிக்கோடு போல ஓடும் ரேகைகளை விளக்கடியில் சாய்த்துச் சாய்த்து, சந்தேகத்துக்கிடமான மச்சத்தைப் பார்ப்பதுபோலப் பார்ப்பான். ரஸ்டி லாரி வியாபாரி. எந்தக் கிட்டாரைக் கொடுத்தாலும் மேட்டில் எப்படி ஏறும் என்றே யோசிப்பான். லோவெல் பல் டாக்டர். கோணல் பல்லுக்குக் கம்பி கட்டி நேராக்குகிறவன். நான்காவது ஆள் வெர்ன் ப்ரௌவர், விவாகரத்து வக்கீல். லோவெலின் விவாகரத்தில் லோவெலின் மனைவிக்காக வாதாடி ஜெயித்துவிட்டு, அந்தச் சனிக்கிழமையே வழக்கம்போல அவன் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தவன்.

அவர்களுக்கென்று ஒரு சடங்கு இருந்தது. ஒருவன் வாசிப்பான். மற்றவர்கள் சுவரைப் பார்த்து, அவனுக்கு முதுகு காட்டி உட்காருவார்கள். அழகு காதைக் கெடுத்துவிடக் கூடாதாம். வாசித்து முடித்ததும் சுவரைப் பார்த்தபடியே அபிப்பிராயம் சொல்ல வேண்டும்.

"அடித்தந்தியில வெண்ணெயில முறுகின சர்க்கரை," என்பான் க்ளென். "மேல்தந்தியில கண்ணாடி. ஆனா கூரான கண்ணாடி இல்ல, ஏரிக்கரையில அலை தேய்ச்ச கண்ணாடி."

"மேடு ஏறுறப்ப மூச்சு வாங்கல," என்பான் ரஸ்டி.

லோவெல் வாசித்த நாட்களில் மட்டும் ஒரு மௌனம் விழும். பிறகு வெர்னின் கரகரத்த குரல் சுவரிலிருந்து வரும்: "கிட்டார் அருமை, லோவெல். யாராவது வாசிச்சா இன்னும் நல்லாருக்கும்."

எல்லோரும் முதுகு குலுங்கச் சிரிப்பார்கள். "கோவிச்சுக்காத டாக்டரு. நீ பாட்டுக்கும் கம்பி கட்டி நேராக்கிடுற, அதான்," என்று வெர்ன் சமாதானமும் சொல்வான். அந்தச் சமாதானம்தான் அதிகமாகச் சுடும். வெர்ன் வாசிப்பதோ ஒழுங்கற்ற வாசிப்பு. வளைத்து மீட்டும் சுரம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சற்றுக் கீழேயே நின்று, வரலாமா வேண்டாமா என்று யோசித்து, பிறகு வரும். அந்த யோசனையில் கேட்பவன் உயிர் போய்த் திரும்பும். லோவெல் எத்தனையோ கிட்டார் மாற்றிப் பார்த்தும் அந்த உயிர் அவனிடம் வரவில்லை. அந்தச் சுவர்ப் பக்கமிருந்து ஒரே ஒருமுறை, தனக்காக, ஒரு நல்ல வார்த்தை வர வேண்டும். அவன் ஆசையெல்லாம் அவ்வளவுதான்.

போன ஜனவரியில் வெர்ன் வாசலில் பனி தள்ளும் இயந்திரத்தின் மேல் சாய்ந்தபடி இறந்துபோனான். அவன் மனைவி கானி, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், கிட்டாரை அவன் சவப்பெட்டியிலேயே வைத்து மூடிவிட்டாள். தேவாலயத்தில் க்ளென் விம்மி விம்மி அழுததைப் பார்த்துப் பாதிரியாரே நெகிழ்ந்துபோனார். பக்கத்தில் இருந்த லோவெலுக்குத்தான் காரணம் கேட்டது.

"அந்த மாதிரி ரேகை இனிமே எந்த மரத்துல வரும்? களிமண்ணு, லோவெல். தண்ணி நிக்கிற மண்ணு. கழுத்து ஒரே வருஷத்துல முறுக்கிக்கும்."

"யார் கழுத்து?" என்றான் பின்வரிசையிலிருந்த ரஸ்டி.

"வாயை மூடுடா."

எல்லோரும் கிட்டாருக்காகத் துக்கம் கொண்டாட, லோவெல் மட்டும் காரியத்தில் இறங்கினான். வெர்னின் கிட்டாரை எல்லாக் கோணத்திலும் எடுத்த படங்கள் அவன் கைபேசியில் இருந்தன. அவற்றைத் தோர்சனுக்கு அனுப்பி, அதே மரம், அதே வண்ணம், அதே காயம் என்று கேட்டான்.

"தேய்மானம் நல்லா விழுந்திருக்கு," என்றார் தோர்சன் போனில். "யார் கை இது?"

"என்னுதுதான்," என்றான் லோவெல்.

பின்பக்கத்தில் மட்டும் காயம் கேட்கவில்லை, ஏனென்றால் வெர்னின் கிட்டாரிலும் இல்லை. பெல்ட்டின் பூட்டு உரசித்தான் கிட்டார் முதுகில் கீறல் விழும்; வெர்ன் பெல்ட் போடாதவன். கால்சட்டையைத் தோள்பட்டியில் மாட்டிக்கொண்டு, கிட்டாரைத் தொப்பையில் அணைத்து வாசித்தவன். அதனால் புதுக் கிட்டாரின் முதுகு துடைத்து வைத்த தட்டுபோல வந்தது.

முதல் சில நாட்கள் லோவெலின் கை அதில் பொருந்தவில்லை. முன்கை தேய்த்த இடம் அவன் கை படும் இடத்திலிருந்து நான்கு விரல் தள்ளி இருந்தது. வெர்ன் பெரிய உருவம். தோளைத் தூக்கி வாசிப்பான். காலியாக வைத்திருந்த நாற்காலியைப் பார்ப்பதுபோல லோவெல் அந்த இடத்தைப் பார்த்தான். பிறகு கையை அங்கே நகர்த்தி வைத்தான். தோள் தானாக உயர்ந்தது. தந்தியை வளைத்தான். சுரம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சற்றுக் கீழே நின்று யோசித்தது.

லோவெல் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு மாடிக்குப் போய் ஒரு கோப்பை காபி குடித்தான். பிறகு இறங்கி வந்து, இருட்டும்வரை வாசித்தான்.

ஈரம் அந்த வாரத்தில்தான் தொடங்கியது. மிச்சிகன் குளிர்காலத்தில் வீட்டுச் சூடேற்றி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடும், மரம் வெடிக்கும். ஒவ்வொரு கிட்டார்ப் பெட்டியிலும் ஈரம் காட்டும் முள்மானி ஒன்றை வைத்துக்கொண்டு, காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பதுபோல அவர்கள் பார்த்துக்கொள்வது வழக்கம். லோவெலின் மற்றக் கிட்டார்ப் பெட்டிகளில் முள் வறண்ட பக்கம் கிடந்தது. இந்தப் பெட்டியில் மட்டும் மழைக்காலத்துப் பக்கம் முட்டி நின்றது. முள் கெட்டுவிட்டது என்று வேறொன்று மாற்றினான். அதுவும் அங்கேயே போய் முட்டியது. புதுத் தந்திகள் காலையில் துருவேறிக் கிடந்தன. பெட்டியைத் திறக்கும்போது தோண்டிய மண்ணின் வாடை வந்தது. லோவெல் அதைத் தோர்சனின் பழங்கால வார்னிஷின் சிறப்பு என்று முடிவு செய்துகொண்டான். அவ்வளவு விலை கொடுத்தவனுக்கு வேறு முடிவுக்கு வர இயலாது.

ஒரே ஒரு விஷயம் அவனைக் குதூகலப்படுத்தியது. ஒரு காலை கிட்டாரைத் துடைக்கையில், வழவழப்பான அந்த முதுகில் ஒரு கீறலைக் கண்டான். நீளமாக, லேசாக வளைந்து, இரட்டைக் கோடாக ஓடிய கீறல். தன் பெல்ட்டின் பூட்டைத் தடவிப் பார்த்தான். அதுதான்! யாரும் சுரண்டித் தராதது, படத்தைப் பார்த்துச் செய்யாதது. அந்தக் கிட்டாரில் இருக்கும் ஒரே அசல் காயம், தன் சொந்தக் காயம். பெண்ணுக்கு முதல் பல் முளைத்ததைப் பார்த்தவன்போல அதைப் படம் எடுத்துக்கொண்டான்.

வெர்ன் இறந்து வருஷம் திரும்பிய சனிக்கிழமை. க்ளென் கானியையும் அழைத்திருந்தான். அவள் செர்ரிப் பழம் அடைத்துச் சுட்ட 'பை' என்ற பலகாரத்தைச் செய்து எடுத்துவந்து மாடிச் சமையலறையில் அடுப்பில் சூடேற்றிக்கொண்டிருந்தாள். கீழே நாற்காலிகள் சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருந்தன. வெர்னின் நாற்காலியை யாரும் எடுக்கவில்லை. எடுக்கலாமா என்று யாரும் கேட்கவுமில்லை.

"புதுசா? காட்டிடாத, காட்டிடாத," என்று க்ளென் கண்ணைப் பொத்திக்கொண்டு போய் உட்கார்ந்தான். "கெடுத்துக்க மாட்டேன்."

"சீக்கிரம் டாக்டரு. பை ஆறிடும்," என்றான் ரஸ்டி.

லோவெல் முன்கையைத் தேய்ந்த இடத்தில் வைத்தான். அதற்குப் பிறகு அவன் அதிகம் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. மெதுவான பாட்டு ஒன்று வந்தது. அவன் அறிந்த பாட்டுத்தான், ஆனால் தொடங்கியது அவன் நினைத்த சுருதியில் இல்லை. சுரங்கள் தாமதமாக வந்தன. வாசலில் பனியைத் தட்டிவிட்டு வருகிறவன்போல நின்று நின்று வந்தன. ரஸ்டியின் கழுத்து ரோமம் சிலிர்த்து நிற்பதைப் பின்னாலிருந்து லோவெல் பார்த்தான். அவனுக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

முடிந்தது. யாரும் பேசவில்லை.

"அடித்தந்தியில..." என்று தொடங்கினான் க்ளென். பழகிய வார்த்தைகளைத் தேடினான். வெண்ணெயும் கிடைக்கவில்லை, சர்க்கரையும் கிடைக்கவில்லை. "மண்ணு, லோவெல். ஈர மண்ணு. இதுவரைக்கும் இப்படி ஒரு ஆழம் நான் கேட்டதில்ல."

"யாரோ வாசிச்சாங்க," என்றான் ரஸ்டி, மெல்லிய குரலில். தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை.

அப்போது மாடிப்படியிலிருந்து கானியின் குரல் கேட்டது. அடுப்புக் கையுறையைக்கூடக் கழற்றாமல் பாதிப் படியில் நின்றிருந்தாள்.

"வெர்ன், பனி தள்ளுற மெஷினை உள்ள வெச்சிட்டியா?"

கேட்ட பிறகுதான் அவளுக்கே கேட்டது. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சற்று நேரம் கழித்து இறங்கி வந்தாள். கிட்டாரைப் பார்த்தாள்; சிகரெட் சூட்டை, பெயர்ந்த வண்ணத்தை, முன்கை தேய்த்த இடத்தை.

"செஞ்சு வாங்குனியா?"

"அவன் நினைவா," என்றான் லோவெல். அந்த வார்த்தை அப்போதுதான் அவனுக்குத் தோன்றியது.

"அவன் இருக்கும்போது உங்க ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாதே, லோவெல்." கையுறையைக் கழற்றிவிட்டுக் கிட்டாரை வாங்கித் திருப்பினாள். "இது?"

"அது மட்டும் என்னுது," என்றான் லோவெல். அத்தனை நேரமும் காத்திருந்த பெருமை அவன் குரலில் இருந்தது. "என் பெல்ட்டு இழுத்தது. மத்ததெல்லாம் அவனுது. இது நான்."

கானி தன் மோதிரத்தை அந்தக் கீறலின் முனையில் வைத்தாள். கல்லைப் பிடித்திருந்த இரண்டு கொக்கிகளும் இரண்டு கோடுகளில் இறங்கி உட்கார்ந்தன. மெதுவாக இழுத்துக்கொண்டு போனாள். வளைவு வந்த இடத்தில் அவள் மணிக்கட்டும் வளைந்தது.

"சவப்பெட்டியை மூடறதுக்கு முன்னாடி எல்லாரையும் வெளிய போகச் சொன்னேன்ல," என்றாள். "அவன் கையைப் பிடிக்கணும்னு கிட்டாருக்கு அடியில கையை விட்டேன். எடுக்கும்போது மோதிரம் இழுத்துடுச்சு. க்ரீச்சுனு சத்தம். நான் யார்கிட்டயும் சொல்லல. சொன்னா க்ளென் அழுவான்."

க்ளென் அழவில்லை. முதல்முறையாக அவனிடம் ஒரு கிட்டாரைப் பற்றி அபிப்பிராயம் இல்லை.

"நனைஞ்சிருக்கே," என்ற கானி, கம்பளிச் சட்டையின் கைப்பகுதியால் கிட்டாரின் முதுகைத் துடைத்தாள். துடைத்து முடித்து லோவெலின் மடியில் வைத்தாள். "அடுத்த சனிக்கிழமையும் வரேன். நீ வாசி. வாங்கப்பா, பை கருகிடப் போகுது."

அவள் பின்னால் ரஸ்டியும் க்ளென்னும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஏறிப்போனார்கள்.

லோவெல் தனியாக உட்கார்ந்திருந்தான். கோபம் வந்தது. தன் சொந்தக் கீறலையும் அந்த ஆள் விட்டுவைக்கவில்லை. சாகும்வரை விடவில்லை, செத்தும் விடவில்லை. முன்கையை அந்த இடத்திலிருந்து எடுத்தான். நான்கு விரல் இப்பால், பளபளவென்று வண்ணம் மிச்சமிருந்த இடத்தில், தன் கை படும் இடத்தில் வைத்தான். தோளை இறக்கினான். அதே பாட்டை, தனக்குத் தெரிந்தபடி, சுருதி பிசகாமல், ஒவ்வொரு சுரமும் அதனதன் இடத்தில் வரிசையாக நிற்க, முதலிலிருந்து கடைசிவரை வாசித்தான்.

ஒரு மௌனம் விழுந்தது.

"கிட்டார் அருமை, லோவெல்," என்றது சுவர்ப் பக்கமிருந்து அந்தக் கரகரத்த குரல். "யாராவது வாசிச்சா இன்னும் நல்லாருக்கும்."

சுவரைப் பார்த்துப் போட்ட நாற்காலிகள் எல்லாம் காலியாக இருந்தன. மாடியில் தட்டுகளின் சத்தமும், பை சுடுகிறது என்று ரஸ்டி ஊதும் சத்தமும் கேட்டன. லோவெல் ஓட நினைத்தான். எழுந்திருக்கவும் செய்தான். ஆனால் அந்த நாற்காலிகளிடமிருந்து சற்று முன் கிடைத்த மௌனம் இன்னும் அவன் காதில் இருந்தது. ரஸ்டியின் சிலிர்த்த கழுத்து கண்ணில் இருந்தது.

உட்கார்ந்தான். முன்கையைத் தூக்கி, மெருகு போய் வெளிறிய அந்த இடத்தில் வைத்தான். மரம் சில்லென்று ஈரமாக இருந்தது. தோள் தானாக உயர்ந்தது.

தந்தியை வளைத்தான். சுரம் சற்றுக் கீழே நின்று யோசித்து, பிறகு வந்தது.

"அதான்! அதான்!" என்று மாடியிலிருந்து கத்தினான் ரஸ்டி, வாய் நிறையப் பையோடு. "கையை எடுக்காத டாக்டரு, அப்படியே விடு!"