தைல மரத்தில் நாற்பது நிமிஷம்

நாற்பத்தொன்பது வயதில் லிஃப்ட் கம்பெனி வேலையை விட்டுவிட்டு மரம் ஏறப் போகிறேன் என்று அவர் சொன்னபோது, அவருடைய மனைவி காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "மரம் வெச்சவன் தண்ணி ஊத்துவான்னு சொல்வாங்க. மரம் வெட்டுறவனுக்கு யாரு ஊத்துவா?" என்று மட்டும் கேட்டாள்.

"வெட்டுற வேலை இல்ல, வைத்தியம். பட்டுப்போன கிளையை எடுக்கணும், நோய் வந்த இடத்தை அறுக்கணும், பிளந்த மரத்துக்குக் கட்டுப் போடணும். இதுக்குப் படிப்பே இருக்கு."

"அப்ப டாக்டர்னே சொல்லிக்கலாம்."

சொல்லவும் செய்தாள். ஒரு வாரத்துக்குள் குடியிருப்பு முழுக்கச் செய்தி பரவி, அவளுடைய அண்ணன் வீடு வரைக்கும் போய்விட்டது. மச்சான் போன் போட்டு, "மாப்ள, எங்க வீட்டுச் செடிக்குக் காய்ச்சல், வந்து ஊசி போடுங்க" என்று சிரித்தார்.

அவர் விளையாட்டாக எடுத்த முடிவல்ல அது. இருபத்திரண்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக, கட்டிடங்களின் வயிற்றுக்குள் இருக்கும் இருட்டுக் குழியில் கிரீஸ் வாடையோடு தொங்கியவர். அதைக்கூட அவர் குறை சொன்னதில்லை. கடைசி இரண்டு வருஷம்தான் அவரை அரித்துத் தின்றது. பழுது பார்க்க இளசுகள் போதும் என்று கம்பெனி அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, காதில் ஒரு போனை மாட்டிவிட்டது. எங்கேயாவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் அபாயப் பொத்தானை அழுத்தினால் அவருக்கு மணி அடிக்கும். "பயப்படாதீங்க, ஆள் வந்துகிட்டிருக்கு." ஒரு நாளைக்கு முப்பது தடவை இதைச் சொல்ல வேண்டும். சிலர் அழுவார்கள். சிலர் அவருடைய அப்பா அம்மாவை வம்புக்கு இழுப்பார்கள். ஆள் எங்கே வருகிறான், எப்போது வந்து சேருவான் என்பது அவருக்கே தெரியாது. கடைசியில் வீட்டு வாசல் மணி அடித்தால்கூட "பயப்படாதீங்க" என்று வாய் முணுமுணுக்க ஆரம்பித்தது. அன்றைக்குத்தான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

மூன்று மாதப் பயிற்சியில் கயிறும் முடிச்சும் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. சாயங்காலம் தலை சீவக் கையைத் தூக்க முடியாது. சட்டையைக் கழற்ற மனைவி வர வேண்டும். "ஐம்பது வயசுல அரிச்சுவடி படிச்சா இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே கழற்றுவாள்.

பயிற்சி முடிந்து அவர் சேர்ந்த குழுவில் மொத்தம் நாலு பேர். அதை நடத்துகிறவளை எல்லோரும் தலைவி என்பார்கள். நாற்பதைத் தாண்டியவள், பதினைந்து வருஷமாக மரம் ஏறுகிறவள், அதிகம் பேசாதவள். அவரை அங்கே யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. முதல் நாளே லிஃப்ட்காரர் ஆகிவிட்டார்.

முதல் இரண்டு மாதம் வேலிப் பக்கத்துச் சின்ன மரங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட மைதானத்து ஓரம் ஒரு தைல மரம். பட்டுப்போன கிளை ஒன்று பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கு நேர் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. ஐந்து மாடி உயரம் இருக்கும்.

"நான் ஏறுறேன்" என்றார் லிஃப்ட்காரர். யாரும் அவரைக் கேட்கவில்லை. தலைவி அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, இடுப்பு வாரை இழுத்துச் சோதித்து, "மெதுவா போங்க அண்ணே" என்றாள்.

முக்கால் மரம் வரை போய்விட்டார். அப்போது காற்று வந்தது. பெரிய காற்று இல்லை, கொடியில் துணி அசையும் அளவுதான். ஆனால் அவர் கட்டிப்பிடித்திருந்த மரம் முழுசாக ஒரு பக்கம் சாய்ந்து திரும்பி வந்தது. லிஃப்ட் குழியில் எத்தனையோ மாடி உயரத்தில் நின்றவர்தான். அங்கே நாலு பக்கமும் சுவர். இரும்பு அசையாது, கீழே பார்த்தால் இருட்டைத் தவிர எதுவும் தெரியாது. இங்கே எல்லாம் தெரிந்தது. வேனின் கூரை, கீழே வைத்த தண்ணீர் பாட்டில், அண்ணாந்து பார்க்கும் மூன்று முகங்கள். கை மரத்தை விட மறுத்தது. கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நெற்றியைப் பட்டையில் அழுத்திக்கொண்டார்.

கீழேயிருந்து குழுவின் வேன் டிரைவர் கத்தினான். "பயப்படாதீங்க! தலைவி வந்துகிட்டிருக்காங்க!"

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அவருக்கு வந்தது ஆத்திரம்தான். டிரைவருடைய அப்பா அம்மாவை இழுத்து நாலு வார்த்தை சொல்ல வேண்டும்போல இருந்தது. இரண்டு வருஷம் எத்தனை ஆயிரம் பேருக்கு இந்த வெறும் வார்த்தையைத்தானே அள்ளிக் கொடுத்தோம் என்று நினைத்ததும் ஆத்திரம் போய், உடம்பெல்லாம் ஓய்ந்துவிட்டது.

தலைவி வேறொரு கயிற்றில் ஏறி வந்து பக்கத்துக் கவட்டையில் உட்கார்ந்தாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"காலைல என்ன சாப்ட்டீங்க?"

அவருக்கு முதலில் புரியவில்லை. "ரெண்டு வாழைப்பழம்."

"இந்த உசரத்துக்கு அது எப்படிப் பத்தும்? வீட்ல ஒண்ணும் தரலியா?"

"அவ தூங்கிட்டிருந்தா. எழுப்பல." பிறகு மெதுவாகச் சொன்னார், "கை மரத்துப்போச்சு."

"மரத்துல ஏறினா மரத்துத்தான் போகும்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் மூச்சு வந்தது. அவள் அவருடைய இடது கையின் சுண்டு விரலைத் தொட்டு, "இத மட்டும் எடுங்க" என்றாள். எடுத்தார். அடுத்த விரல். அதற்கடுத்தது. கை விடுபட வெகுநேரம் ஆனது.

"நானும் இப்படி மாட்டியிருக்கேன்" என்றாள். "மூணு மணி நேரம். தீயணைப்பு வண்டி வந்துதான் இறக்கினாங்க."

"சேர்ந்த புதுசுலயா?"

"போன வருஷம்."

அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். அவள் கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

தரையில் கால் பட்டபோது நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. கிளையைத் தலைவியே அறுத்தாள். அறுத்த துண்டுகளை அவர் கீழே நின்று கயிற்றில் தாங்கி இறக்கினார். ஒரு துண்டும் பள்ளிக்கூடச் சுவரில் இடிக்கவில்லை.

திரும்பும்போது வேனில் அவள் சொன்னாள். "மேல ஏற ஆள் கிடைப்பாங்க அண்ணே. கீழ கவனமா நிக்கிற ஆள்தான் கிடைக்கிறதில்ல. நீங்க கயிறப் பாத்துக்குங்க." அது பாராட்டா ஆறுதலா என்று கேட்க நினைத்தார். கேட்கத் தெம்பில்லை.

வீட்டில் மனைவி தோளில் மருந்து தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"பழைய வேலைக்கே கேட்டுப் பாக்கலாமா?"

"வேண்டாம்."

"அப்ப இனிமே மேல ஏற மாட்டீங்களா?"

"ஒரு மாடி, ரெண்டு மாடி உசரம்னா ஏறுவேன். அதுக்கு மேல முடியாது. முடியாததை முடியாதுன்னு தலைவிகிட்ட சொல்லிட்டேன்."

"அண்ணன் கேட்டா என்ன சொல்றது?"

"டாக்டர் இல்ல, கம்பவுண்டர்னு சொல்லு."

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். பிறகு அவர் தலையணையில் முகம் புதைத்தபடியே சொன்னார். "எதிர்ல ஒரு வீட்டு மொட்டை மாடியில ஒருத்தர் துணி காயப்போட்டுட்டு இருந்தாரு. என்னைப் பாத்து கையாட்டினாரு. ரொம்ப நேரம் ஆட்டினாரு பாவம். நான் எங்க ஆட்டுறது? கையத்தான் எடுக்க முடியலையே. திமிர் புடிச்சவன்னு நினைச்சிருப்பாரு."

அதைக் கேட்டதும் அவளால் தாங்க முடியவில்லை. மருந்து டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அவரும் கூடச் சிரிக்க நினைத்தார், அதற்குள் தூங்கிப்போனார்.

மறுநாள் விடிந்தபோது அவரால் கையைத் தூக்க முடியவில்லை. அவள் எழுந்து வந்து சட்டையைப் போட்டுவிட்டாள், பொத்தான்களை மாட்டினாள், சாப்பாட்டுப் பையைத் தோளில் தொங்கவிட்டாள். அவர் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். தெருவில் வேன் வந்து நின்றிருந்தது.