பக்கத்து சீட்

முதல் ஹாரன் கேட்டபோது அவள், கணவருக்குப் போட்டிருந்த சட்டையின் கடைசிப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். புதுச் சட்டை. மகள் ஆசையாக வாங்கிக் கொடுத்து, அலமாரியில் மடிப்புக் கலையாமல் கிடந்தது. பொத்தான் துளைக்குள் நுழையமாட்டேன் என்று அடம்பிடித்தது. உயிரோடு இருந்திருந்தால் 'விடு, நானே போட்டுக்கறேன்' என்று கையைத் தட்டிவிட்டிருப்பார். இப்போது அவள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் பேசாமல் படுத்திருந்தார்.

மறுபடியும் ஹாரன். இந்தத் தடவை நீளமாக, ஏதோ பிறந்தநாள் வீட்டுக்கு வந்தவன் அடிப்பதுபோல. கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள்.

"எவன்டா அது, எழவு வீட்டு முன்னாடி?" என்று சட்டைக் கையை மடித்துவிட்டபடி கொழுந்தன் எழுந்து போனார். எப்படியும் நாலு வார்த்தை திட்டுவார் என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். வெளியே சத்தமே இல்லை. பொத்தான் ஒருவழியாக உள்ளே போனதும் அவளும் எழுந்து போய்ப் பார்த்தாள்.

தெருவின் இரண்டு ஓரமும் வண்டிகள். இந்த ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர் அவள் கணவர். 'மாஸ்டர்' என்றால்தான் யாருக்கும் தெரியும். சாவுக்கு வந்த மாணவர்கள் எல்லோரும் வண்டியை ஓரத்தோடு ஓரமாக, அளவெடுத்தாற்போல் நிறுத்தியிருந்தார்கள். செத்த பிறகும் எட்டிப் பார்த்து 'இதுதான் பார்க்கிங்கா?' என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம் போகவில்லை போலிருக்கிறது. அந்த ஒழுங்குக்கு நடுவே, நடுத்தெருவை அடைத்துக்கொண்டு, கோணலாக ஒரு மஞ்சள் கார் நின்றிருந்தது. தரையோடு தரையாகக் கிடந்த ஸ்போர்ட்ஸ் கார். கூரை இல்லை. மஞ்சள் என்றால் கண்ணை உறுத்துகிற மஞ்சள்.

பக்கத்தில் நின்றவரை அவளுக்குத் தெரியும். மாஸ்டரின் பயிற்சிக் காரைச் சரிபார்த்துத் தருகிற ஒர்க்‌ஷாப்காரர். தேய்த்த சட்டை போட்டுத் தலையை நன்றாக வாரிக்கொண்டு வந்திருந்தார். ஒரு கையில் சாவி, மற்றொரு கை வாயைப் பொத்தியிருந்தது.

"எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா யாரும் சொல்லல" என்றார். "சனிக்கிழமை காலைல வாசல்ல வந்து ஹாரன் அடி, போன் கீன் எல்லாம் பண்ணாத, நானே வெளிய வந்துடறேன்னு மாஸ்டர்தான் சொன்னாரு."

"எதுக்கு?"

"வண்டிய எடுத்துக்கத்தான். இது அவர் வண்டிக்கா."

அவள் கொழுந்தனைப் பார்த்தாள். கொழுந்தன் மகளைப் பார்த்தார். மகள், அழுது வீங்கிய முகத்தோடு, ஒர்க்‌ஷாப்காரரைப் பார்த்துக் கேட்டாள்: "எங்க அப்பா ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினாரா? நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க. வேற யாராவது மாஸ்டரா இருக்கப் போறாங்க."

மகள் கேட்டதிலும் தப்பில்லை. மாட்டு வண்டி தாண்டிப் போனாலும் அலட்டிக்கொள்ளாமல் ஓட்டுகிற மனிதர். ஞாயிற்றுக்கிழமை என்றால் அதுவும் கிடையாது. 'வாரம் பூராவும் கண்டவனுக்குப் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஒரு நாளாவது காரை என் கண்ணில் காட்டாதே' என்பார். கடைக்கோ, மகள் வீட்டுக்கோ, எங்கே போவதென்றாலும் பஸ்தான். ஊருக்கெல்லாம் கற்றுக் கொடுத்தவர் பெண்டாட்டிக்கு மட்டும் சொல்லித் தரவில்லை. கேட்டால், 'உன் பக்கத்துல உக்காந்தா எனக்குக் கோவம் வரும். நான் கோவப்பட்டா அன்னைக்கு ராத்திரி நான்தான் சமைக்கணும்' என்று சிரித்து மழுப்பிவிடுவார்.

"பழைய வண்டிதாங்க" என்றார் ஒர்க்‌ஷாப்காரர். "யாரோ ஆசப்பட்டு வாங்கி, ஓட்டாம ஷெட்லயே போட்டு வெச்சிருந்தது. மாஸ்டர்தான் மோப்பம் பிடிச்சு வாங்கினாரு. ஞாயித்துக்கிழமை ஆனா ஒர்க்‌ஷாப்புக்கு வந்துடுவாரு. என்கூடவே அடியில படுத்துக் கெடப்பாரு. லீவு நாள்ல மட்டும் எடுக்கணும், ஊருக்கு வெளிய பெரிய ரோட்ல, கூரைய எறக்கிட்டுப் போவணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவர் நண்பர் வீட்டுக்குக் கேரம் ஆடப் போவதாகத்தான் சொல்லிவிட்டுப் போவார். திரும்பி வரும்போது நகக்கண்ணெல்லாம் கறுப்பாக இருக்கும். கேட்டால் 'போர்டு அழுக்கு' என்பார். அதையும் நம்பி, போர்டைத் துடைக்கக்கூட நாதியில்லாத அந்த நண்பர் வீட்டைப் பற்றி அவள் மகளிடம் குறை சொல்லியிருக்கிறாள்.

கொழுந்தன் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "என்ன அண்ணி இது, ரெண்டே சீட்டுதான் இருக்கு" என்றார்.

அவர் வெகுளியாகத்தான் சொன்னார். அவளுக்குச் சுருக்கென்றது.

"இன்னொரு சீட்டு யாருக்காம்?" என்று ஒர்க்‌ஷாப்காரரிடம் கேட்டாள்.

"கூட ஒருத்தங்க வருவாங்கன்னாருக்கா. யாருன்னு நான் கேட்டுக்கல. பெரியவங்க விஷயம், நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன்."

அவர் அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

உள்ளே வந்து மறுபடி கட்டிலருகே உட்கார்ந்தாள். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அவளுக்கு அழுகை வரவில்லை. வரும், தன்னால் வரும் என்று பக்கத்து வீட்டுக்காரி முதுகைத் தடவிவிட்டுப் போயிருந்தாள். இப்போது யாருக்காக அழுவது என்பதே குழம்பிப் போய்விட்டது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிவிழுகிறவரையா, மஞ்சள் காருக்கு அடியில் படுத்துக் கிடந்தவரையா? முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டிருந்தார்.

எதிர்ச் சுவரோரம் மருந்துக்கடைக்காரப் பெண் அழுதுகொண்டிருந்தாள். அவளும் மாணவிதான். உட்கார்ந்திருந்தாலும் நின்றவர்கள் இடுப்புக்கு மேல் தலை தெரிகிற உயரம். டெஸ்டில் திரும்பத் திரும்பக் கோட்டைவிட்டவள். நேற்று மைதானத்தில் அவள் ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் மாஸ்டர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். 'நான் சொல்லாம வண்டிய நிறுத்தக் கூடாது' என்பது மாஸ்டரின் சட்டம். அவர் சொல்லவில்லை. அதனால் அவளும் நிறுத்தவில்லை. ஒரு தப்பும் செய்யாமல் அழகாகச் சுற்றிச் சுற்றி ஓட்டியிருக்கிறாள். இன்றைக்குத் திட்டே விழவில்லையே, நன்றாக ஓட்டுகிறோம் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு இருந்ததாக அவளே நேற்றுச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள்.

நேற்று அவளைத் தேற்றியது இவள்தான். இப்போது அந்த அழுகையைப் பார்க்கப் பார்க்க வேறு மாதிரி இருந்தது. ஒரு மாணவி மாஸ்டருக்காக இவ்வளவு அழுவாளா? இவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான். லீவு நாளில், கூரையில்லாத அந்தக் காரில், அவர் பக்கத்தில் உட்காரப் போனவள் யார்? அது தெரியாமல் அவரை எப்படி அனுப்பிவைப்பது?

வெட்கத்தை விட்டு, எழுந்து போய் அந்தப் பெண்ணின் அருகில் உட்கார்ந்தாள்.

"ஏம்மா, ஞாயித்துக்கிழமைல மாஸ்டர் உன்னைப் பார்க்க வருவாரா?"

"ஞாயித்துக்கிழமையா? அன்னைக்கு நான்தாங்க கடைல ஒத்த ஆளு. பாத்ரூம் போகக்கூட நேரம் இருக்காது" என்று மூக்கைச் சிந்தினாள் மருந்துக்கடைக்காரப் பெண். "ஏங்க கேக்கறீங்க?"

"சும்மா."

உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் கேரம் போர்டும் உண்மையாகத்தான் இருந்தது.

சவ ஊர்தி வந்து மஞ்சள் காருக்குப் பின்னால் நின்றது. தெரு குறுகலானது, வண்டியைத் திருப்ப இடமில்லை. முன்பக்கமாகத்தான் வெளியேற வேண்டும் என்று அதன் டிரைவர் கையைக் காட்டினார்.

"அந்தக் காரை எடுப்பா மொதல்ல" என்று கொழுந்தன் ஒர்க்‌ஷாப்காரரிடம் சொன்னார். "எடுத்து அப்படியே உன் ஒர்க்‌ஷாப்புக்கே கொண்டு போயிடு. எங்களுக்கு அதுவும் வேணாம், அதப் பத்தின பேச்சும் வேணாம். ஊர் சிரிக்கும்."

"ஐயாவ ஏத்திடுங்க, நான் முன்னால எடுத்துடறேன்" என்றார் ஒர்க்‌ஷாப்காரர்.

ஏற்றினார்கள். ஆறு பேர் தூக்கியும் வாசற்படியில் ஒருமுறை தடுமாறினார்கள். மகள் 'அப்பா' என்று கத்தினாள். சவ ஊர்தியின் கதவு சாத்தப்பட்டது. அவள் அதன் பக்கத்தில் நிற்காமல், எல்லோரும் பார்க்க, மஞ்சள் காரின் பக்கம் போய் நின்றாள். ஒரு தடவையாவது அந்த சீட்டைப் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. கறுப்புத் தோல் சீட். புதிதாகத் தைத்திருந்தார்கள். அதற்குக் கீழே, கால் வைக்கிற இடத்தில், என்னவோ துருத்திக்கொண்டிருந்தது.

"இது என்ன?"

"அத ஏன்க்கா கேக்கறீங்க." ஒர்க்‌ஷாப்காரர் அந்த நிலையிலும் அலுத்துக்கொண்டார். "பிரேக்கு. டிரைவிங் ஸ்கூல் வண்டில மாஸ்டர் பக்கம் இருக்குமே, அதே பிரேக்கு. ஸ்போர்ட்ஸ் கார்ல எவனாவது இத மாட்டுவானா? பார்க்கிறவன் காறித் துப்புவான் மாஸ்டர்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன். கேக்கல. அவ்ளோ வருசம் அதுலயே கால வெச்சுப் பழகிட்டாரு, விட முடியல போலன்னு நெனச்சேன். 'நீங்கதான ஓட்டப் போறீங்க, இந்தப் பக்கம் எதுக்கு'ன்னு கேட்டேன். 'நான் ஊருக்கெல்லாம் பிரேக் போட்டேன், எனக்கு யார்டா போடறது'ன்னாரு."

அவள் குனிந்து அதைப் பார்த்தாள்.

"சரி, தொலையட்டும்னு மாட்டினேன். அதுலயும் ஒரு ரோதன. இன்னும் கிட்ட இழு, இன்னும் மேல தூக்குன்னு மூணு வாரம் என் உசுர எடுத்துட்டாரு. முட்டி இடிக்கும் மாஸ்டர்னா, 'இடிக்காதுடா, அவளுக்குக் கால் எட்டாது'ன்னாரு."

அவள் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். யாரையும் கேட்கவில்லை. சீட் பள்ளமாக இருந்தது. காலை நீட்டினாள். உள்ளங்கால் நேராகப் போய்ப் பிரேக்கின்மேல் பொருந்தியது. எட்டி நீட்டவும் வேண்டியிருக்கவில்லை, மடக்கவும் வேண்டியிருக்கவில்லை. வாசலில் நின்ற மருந்துக்கடைக்காரப் பெண்ணின் நீளமான கால்களைப் பார்த்தாள். அவை இந்த இடத்தில் நுழையவே நுழையாது. இவளுக்கோ பஸ்ஸில் உட்கார்ந்தால் கால் தரையில் படாது. தொங்கிக்கொண்டு மரத்துப் போகும். அவர் ஒன்றும் பேசாமல் தன் பையை அவள் காலுக்கடியில் தள்ளிவைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். இத்தனை வருடமும் அப்படித்தான்.

நிம்மதி வந்தது. அதன் பின்னாலேயே கோபமும் வந்தது. இவருக்கு இதெல்லாம் எப்போது தோன்றியது? வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கலாமே! காரில் வேகமாகப் போக ஆசை என்றால், வேண்டாம் என்று சொல்லியிருப்பாளா? சொல்லியிருப்பாள்தான். அதற்காகத்தான் பிரேக்கா? பயந்து வைத்ததா, கேலிக்கு வைத்ததா, ஆசையாக வைத்ததா? ஓட்டவே தெரியாதவளின் காலடியில் இதைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டால், அவள் என்னவென்று எடுத்துக்கொள்வது?

"அம்மா, என்ன பண்றே? எறங்கி வா" என்று மகள் ஓடி வந்தாள். "நம்ம வண்டி அங்க நிக்குது. எல்லாரும் பார்க்கறாங்கம்மா."

"தெரு முனை வரைக்கும் இதுல வரேன்."

"அண்ணி, நல்லா இருக்காது" என்றார் கொழுந்தன்.

"நல்லா இல்லாட்டி போகட்டும்" என்றாள்.

கொழுந்தன் தலையை ஆட்டிவிட்டு விலகினார். ஒர்க்‌ஷாப்காரர் தயங்கித் தயங்கி வந்து ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமியது, தெருவில் பேச்சு நின்றது. சத்தம் கேட்கக் கூடாதே என்று மிக மெதுவாகக் காரை நகர்த்தினார். இரண்டு ஓரமும் நின்ற மனிதர்கள் வண்டிகளோடு ஒட்டிக்கொண்டார்கள். மேலே கூரை இல்லாததால் எல்லோருடைய முகமும் அவளுக்கு அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் தெரிந்தது.

பக்கத்துக் கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் சவ ஊர்தியும் கிளம்பியிருந்தது. அவள் போகிற வேகத்துக்கே வந்துகொண்டிருந்தது. வீட்டு வாசல் கண்ணாடியை விட்டுப் போனது. அடுத்து பக்கத்து வீடு போனது. தெரு முனை நெருங்கியது. அங்கே திரும்பியதும் இந்தக் கார் ஒர்க்‌ஷாப் பக்கம் போய்விடும், அவர் இன்னொரு பக்கம் போய்விடுவார்.

அவள் பிரேக்கை மிதித்தாள்.

கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. எஞ்சின் அணைந்தது. பின்னால் சவ ஊர்தி நின்றது, அதற்குப் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

ஒர்க்‌ஷாப்காரர் சாவியைத் திருப்பினார், எஞ்சின் பிடித்தது, கார் அசையவில்லை. குனிந்து அவள் காலைப் பார்த்தார்.

"அக்கா" என்றார் மெதுவாக. "கால எடுத்தாத்தான் போக முடியும்."

"தெரியும்ப்பா" என்றாள். கால் அங்கேயே இருந்தது.